ஒலி ஒளி உபயம்

கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் என்னிடம் ஒரே ரேட்டு.
பஞ்சாயத்துக்கு முன்னூறு கூட.
தீர்ப்பு முன்னாடியே தெரியும்,
முடியும் நேரம்தான் தெரியாது.

முதுநகர்க் கடையிலிருந்து
உப்பனாற்றைத் தோணியில் தாண்டி
ரெண்டு பாக்ஸ், நாலு குழல், ஒரு ஜெனரேட்டர்,
ஒரே ஒரு மைக்.
"ஒண்ணு போதும், பேசறது நாங்கதானே"
என்றிருந்தார் தலைவர் போனில்.

நாலு மணி.
சிப்காட் காற்றில் புளித்த வாடை.
மைக் டெஸ்டிங் வழக்கமாக நான்தான் செய்வேன்.
அன்றைக்கு அவர் வாங்கிக்கொண்டார்.
ஒன், டூ, த்ரீ சொல்லவில்லை.
"ஐம்பதாயிரம்" என்றார்.
செருமிக்கொண்டு
இன்னும் கொஞ்சம் கீழிறங்கிய குரலில்
"ஐம்பதாயிரம்."
கடைசி வலைக்கூடம் வரை கேட்கிறதா என்று
ஒரு பையனை ஓடவிட்டுப் பார்த்தார்.
"தீர்ப்பு சொல்றப்ப மட்டும்
லேசா எக்கோ போடு தம்பி."

ஏழரைக்கு விசாரணை.
ஆறரைக்கே பாய் விரித்து இடம் பிடித்துவிட்டார்கள்.
சுண்டல் வந்தது. ஐஸ் வண்டி வந்தது.
போகஸ் விளக்கு யார் மேல் விழ வேண்டும் என்பதில்
நாட்டாமைக்காரர்களுக்குள் அரைமணி நேரம் தகராறு.
அந்த ராத்திரியில்
இரண்டு பக்கமும் பேசியது அது ஒன்றுக்குத்தான்.

மஞ்சினி வந்து நின்றான்.
தோளில் இருந்த துண்டு
யாரும் சொல்லாமலே இடுப்புக்கு இறங்கியது.

குற்றம் ஒன்றரைப் பக்கம்.
சுருக்குமடி வலையைப் பற்றி
ஊரைக் கேட்காமல் கலெக்டருக்கு அவன் போட்ட மனு.
காலேஜ் படிக்கிற பரணிகுமார்
ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான்.
"வாழ்வாதாரம்" என்ற சொல்லில் மஞ்சினி
ஒரு காலை விட்டிருந்தான்.
கூட்டம் சிரித்து ஓயும்வரை நிறுத்தி
அதே சொல்லை இன்னொரு தரம் வாசித்தான்.

"எழுதினியா, இல்லையா?"

மஞ்சினி என்னவோ சொன்னான். கொஞ்சம் நீளமாகவே.
அவன் வாயருகில் மைக் இல்லை.
முன்வரிசைக்கு மட்டும் கேட்டது.
என்ன சொன்னான், என்ன சொன்னான் என்று
பாய் பாயாகப் பின்னுக்குப் போன பேச்சு
கடைசி வரிசையில் போய்ச் சேர்ந்தபோது
"ஒத்துக்கிட்டானாம்."

அவன் மனைவி தவமலர்
ஜெனரேட்டர் இரைச்சலுக்குப் பக்கத்தில்,
வேறு யாரும் உட்காராத இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.
மேடையைப் பார்க்கவில்லை.
ஆம்ப்ளிபயர் மேல் இருந்த என் விரலைப் பார்த்தாள்.

திருகினேன்.
ஐம்பதாயிரம்… பதாயிரம்… ஆயிரம்…
மணலில் மல்லாந்து கிடந்த நாய் எழுந்து போனது.

பிறகு ஊர் முன்னால் விழ வேண்டும்.
விழுந்தான்.
"பின்னாடி தெரியலப்பா!"
யாரோ ஒரு பெண்குரல், கோபமெல்லாம் இல்லை,
டிக்கெட் வாங்கியவள் கேட்பதுபோல.
எழுந்தான். விளக்கைத் திருப்பினார்கள்.
இன்னொரு தரம் விழுந்தான்.

இந்தத் தரம் எழுந்திருக்கவில்லை.

குப்புற, ஒரு காது மணலில்.
முதுகு ஏறி இறங்கியது, அதனால் யாரும் பயப்படவில்லை.
ஆனால் இதற்கு யாரிடமும் வசனம் இல்லை.
தலைவர் பரணிகுமாரைப் பார்த்தார்,
பரணிகுமார் காகிதத்தைப் பார்த்தான்.
மேஜைமேல் மைக் திறந்தே கிடந்தது.
நாலு குழலிலும் வெறும் காற்று,
பிறகு அலை,
பிறகு யாரோ சுண்டல் மெல்லும் சத்தம்.
அதை நான் மூடியிருக்கலாம்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.
பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தார்கள்.
யாரும் கலையச் சொல்லவில்லை.

முதல் தவணையாக அவன் கட்டிய பதினைந்தாயிரத்தில்
இரண்டாயிரத்து எழுநூறை அங்கேயே எண்ணி
என் கையில் கொடுத்தார்கள்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.
நோட்டில் மணல்.

மறுநாள் புதுப்பாளையத்தில் காதுகுத்து.
எக்கோவைக் குறைக்க மறந்துபோயிருந்தேன்.
மொய் வாசித்தவர் முதல் பேரைச் சொல்லி
"ஐநூறு" என்றதும்
ஐநூறு… நூறு… று… என்றது மண்டபம்.
எல்லோரும் சிரித்தார்கள்.
மொய் வைத்தவர் மட்டும்
எதற்கோ எழுந்து நின்றுவிட்டார்.